தாய்மாமனுக்கு மூன்று முகவரி

“குப்பைக்குள்ளையோ விழுந்தது? வடிவாய்ப் பார் தம்பி.”

“ஓம் ஐயா, குப்பைக்குள்ளைதான். அசையாமல் கிடக்குது.”

பொன்னம்பலத்தார் கதிரையை விட்டு எழுந்து கைதட்டினார். சண்டிலிப்பாய்ச் சந்தியில், கஜீபனின் கொமினிகேசன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கஜீபனுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணம். லொத்தர் விழுந்திருக்கிறது, முன்பின் தெரியாத இளவரசர் சொத்து எழுதி வைத்திருக்கிறார் என்று ஐயாவுக்குக் கண்ட கண்ட ஈமெயிலும் வருகிறதாக்கும். அதை மறித்துக் குப்பைப் பெட்டியில் போட எந்த ஓசி ஈமெயில் சேவை கெட்டிக்காரன் என்றுதான் ஒரு கிழமையாகச் சோதித்துப் பார்க்கிறார்.

மூன்று சேவையில் மூன்று கணக்குத் திறந்து, மாதிரிக்கு மகள் வினோஜாவின் கலியாண அழைப்பையே மூன்றுக்கும் அனுப்பினார்கள். முதலாவது சேவை கீரிமலைக் கேணி மாதிரி. ஆரும் வந்து இறங்கலாம். இரண்டாவதுக்கு நிலையான புத்தி இல்லை. காலையில் உள்ளே விட்டதைப் பின்னேரம் குப்பையில் போட்டது. மூன்றாவதுதான் சண்டைக் காலத்து ஆமிச் சென்றி. பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆளைத் திருப்பியது.

“அப்ப மூண்டாவதிலையே உங்களுக்கு ஒண்டு நிரந்தரமாய்த் திறந்து விடட்டோ ஐயா? கள்ளக் கடிதம் ஒண்டும் கிட்ட வராது.”

“எனக்கு ஏன்? எனக்கு ஆர் எழுதப் போகினம்?” பொன்னம்பலத்தார் குரலைத் தாழ்த்தினார். “உது என்ரை மச்சான் நடேசுவுக்கு. அவனுக்குச் சொல்லவும் வேணும், அவன் அதைக் காணவும் கூடாது.”

நடேசு, பொன்னம்பலத்தாரின் மனைவி குணலட்சுமியின் தம்பி. ரொறன்ரோவில் இருக்கிறார். மூத்த மகளின் கலியாணத்துக்கு வந்தவர், வீடியோக்காரரின் மைக்கைப் பறித்து, மாப்பிள்ளை பகுதி கொண்டுவந்த கூறைச்சேலை எந்தக் கடையில் கழிவு விலைக்குப் போனது என்று சபைக்கு அறிவித்தார். மாப்பிள்ளை பகுதி இரண்டாம் பந்திக்கு இருக்காமல் வான் ஏறியது.

அந்தக் கதை வினோஜாவின் மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிருந்தது. “அந்த மாமன் மைக்கைத் தொட்டால் நாங்கள் தாலியோடை எழும்பிப் போயிடுவம்” என்று அவர்கள் நாள் வைக்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

குணலட்சுமியும் சொல்லிவிட்டாள். “என்ரை தம்பிக்குச் சொல்லாட்டி நான் மணவறைப் பக்கம் வரமாட்டன். சொன்னதை எனக்குக் காட்டவும் வேணும்.”

“ரெலிபோன் எடுத்தால், நான் சொல்லி முடிக்க முந்தி அவன் பிளேன் ரிக்கற் போட்டிடுவான்” என்றார் பொன்னம்பலத்தார். “ஈமெயில் எண்டால் சொன்னதுமாச்சு, காணாததுமாச்சு. நல்லகாலம், அவனுக்கு மூண்டு சேவையிலையும் முகவரி இருக்கு.”

கடவுச்சொல்லை மறக்க மறக்க நடேசு புதிதாக ஒன்று திறந்தவர். மூன்றாவதைத் திறந்த அன்று மற்ற இரண்டும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

கஜீபன் தலையைச் சொறிந்தான். “எனக்கு விளங்கேல்லை ஐயா. உங்கடை பகுதிச் சனம் ஆர் இஞ்சை வந்தாலும் உந்தக் குப்பைப் பெட்டியைப் பற்றித்தான் கேக்கினம்.”

“எங்கடை பரம்பரைக்குத் துப்புரவிலை கவனம் கூட” என்றார் பொன்னம்பலத்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “நீ மூண்டாவது முகவரிக்கே அனுப்பு. தலைப்பிலை ‘தங்கம்! தங்கம்! உடனே திறக்கவும்!’ எண்டு போடு.”

“கலியாண அழைப்புக்கோ?”

“தாலிக்கொடி பவுணிலைதானே தம்பி செய்யிறது? நான் பொய் எழுதச் சொல்லேல்லை.”

கடிதம் போனது. அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கைத்தொலைபேசியில் கண்ட குணலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “என்ன இருந்தாலும் நீங்கள் மனச்சாட்சியுள்ள மனுசன்.”

கிழமைகள் போயின. ரொறன்ரோவில் இருந்து ஒரு சொல் இல்லை. பொன்னம்பலத்தார் நகுலேஸ்வரத்துக்குப் போய், அந்த மூன்றாவது சேவையின் பேரில் ஓர் அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது, ஆனால் நல்ல இடத்துப் பிள்ளை என்றார் இவர்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம். பந்தலுக்குள் சொந்தக்காரர் எல்லாரும் வட்டமாக இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு வான் வந்து நின்றது.

நடேசு இறங்கினார். பெரிய பெட்டியைப் பந்தலுக்குள் இழுத்து வந்து திறந்தார். மேலேயே இருந்தது, வயர் இல்லாத மைக் ஒன்று. இந்தமுறை ஆரிடமும் பறிக்கத் தேவையில்லை.

“நடேசு...” பொன்னம்பலத்தார் அவசரமாக எழுந்தார். “கடிதம்... கிடைச்சதோ?”

நடேசு மைக்கை ஊதிப் பார்த்தார். பிறகு பந்தலுக்குள் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்திகள் எல்லாம் நின்றன. ஒருவரும் நிமிரவில்லை.

“அத்தான், நான் முதல் திறக்கிறதே குப்பைப் பெட்டியைத்தான். எங்கடை ஆக்களின்ரை கலியாண அழைப்பு முழுக்க அதுக்குள்ளைதானே வாறது!”