மூணுபாலத் தோட்டத்துத் தராசு

தராசு இன்ஸ்பெக்டர் இளையதம்பிக்கு வயது நாற்பத்தெட்டு, எடை இருநூற்றுப் பதினொரு ராத்தல். வயதைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலையில்லை. எடையைப் பற்றித்தான் இருந்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை பரிசோதனைக்கு வந்து நிற்க வேண்டும், இருநூறுக்கு மேல் ஒரு ராத்தல் இருந்தாலும் வெளியூர்ப் பயணம் ரத்து, தைப்பிங் ஆபீசில் நாற்காலி வேலைதான் என்று ஈப்போவிலிருந்த வெள்ளைக்கார டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மலாயாவின் பேராக் ஜில்லா முழுவதும் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது இளையதம்பியின் உத்தியோகம். போகிற இடமெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் விருந்து. பதினாறு வருஷ விருந்து உடம்பில் ஏறாமல் எங்கே போகும்? ஆனாலும் அந்தப் பயணம்தான் அவருக்கு உயிர். தைப்பிங்கில் மழையையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. அதனால் மூன்று வாரமாக, மனைவி பூமணி கேழ்வரகு மாவில் தட்டிக் கட்டிக்கொடுத்த குரக்கன் ரொட்டியோடு ரயிலேறினார். மூன்று வாரத்தில் குறைந்தது அரை ராத்தல்தான்.

வெள்ளிக்கிழமை காலை மூணுபாலத் தோட்டத்தில் அவர் இறங்கியபோது, பால் வெட்டும் இருளாயி ஸ்டோர் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஐயா, கடையில முப்பது ராத்தல் அரிசி வாங்கி, நேரா இந்தத் தராசுல கொண்டாந்து வச்சேன். இருபத்தெட்டுங்கிது. நாங்கதான் இங்க வந்து மெலிஞ்சோம், அரிசியுமா மெலியும்? நாங்க கொண்டாற ஒட்டுப்பால்லயும் இப்படித்தான் தின்னுது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் இருளாயி சிரிக்கவில்லை. கிராணிமேல் புகார் சொன்னவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் மறுவாரம் வேலை இருப்பதில்லை. இன்ஸ்பெக்டர் கைவிட்டால் அவள் கதி அதோகதி.

கிராணி சதாசிவத்துக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. இளையதம்பியின் நாக்கைப் பற்றி ஜில்லா முழுக்கத் தெரியும். விடிகாலையிலேயே ஓர் ஆட்டை அடித்துப் போட்டிருந்தார். குழம்பு வாசனை ஸ்டோர் வரைக்கும் வந்தது.

"வாங்கய்யா, வாங்க! மொதல்ல சாப்பாடு. தராசு எங்க ஓடிப்போவுது?"

"வேண்டாம். நான் கை நனைக்க மாட்டன். தராசைக் காட்டும்."

"ஈரல் வறுவல்யா. உங்களுக்குன்னே தனியா..."

இளையதம்பி கண்ணை மூடித் திறந்தார். அவர் வயிறு உறுமியது எல்லோருக்கும் கேட்டது.

"ஒருக்காச் சொன்னா விளங்காதோ உமக்கு?"

சதாசிவத்தின் முகம் வெளிறியது. இருளாயிக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்தது.

மேடைத் தராசில் அரசாங்க முத்திரைக் கற்களை ஏற்றினார் இளையதம்பி. ஐம்பத்தாறு ராத்தல் கல், ஐம்பத்திரண்டு என்றது. குனிந்து, நகரும் குண்டைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஈயம் ஊற்றியிருந்தது. குண்டு கனத்தால் சாமான் குறையும். பழைய வித்தைதான்.

பிறகு தாமே தராசில் ஏறி நின்றார். குண்டை மெல்ல நகர்த்தினார். எண்ணைப் பார்த்தார். இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறிப் பார்த்தார். சோதனை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"இந்தத் தராசைப் பறிமுதல் செய்யிறன்" என்றார்.

சதாசிவம் காலில் விழாத குறை. "ஐயா, புள்ளகுட்டிக்காரன்யா. அந்த ஈயத்த இப்பவே சொரண்டி எடுத்துடுறேன்."

"கை வைச்சீரெண்டால் கைக்கு விலங்குதான்! இதிலை ஒரு தூசிகூட மாறக்கூடாது. கேஸைப் பற்றிப் பிறகு யோசிப்பம். நாளைக்குப் புதுத் தராசு வரும். அதிலை விளையாடினாலோ, இந்தப் பொம்பிளையை வேலையாலை நிப்பாட்டினாலோ, நீர் உள்ளுக்கை."

"நல்லா இருக்கணும் சாமி!" என்று இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். பெரிய பெரிய ஆபீசர்களை எல்லாம் ஒரு கோழிக்காலால் மடக்கிய கிராணியை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு மனிதர் மடக்கிவிட்டாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

தராசைக் கோணிப்பையில் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றுகிற வரை இளையதம்பி பக்கத்திலேயே நின்றார். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அடியில் வைக்கோல் பரப்பச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் சதாசிவத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்த ஈரல் ஆறியிட்டுதோ?"

மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். எலும்பைக்கூட விடவில்லை. சதாசிவத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப... தராச எறக்கிடலாங்களா ஐயா?"

"சாப்பாடு வேறை, கடமை வேறை" என்று ஏப்பம் விட்டபடி எழுந்து, தராசோடு ஈப்போவுக்கு வண்டியேறினார் இன்ஸ்பெக்டர்.

திங்கட்கிழமை காலை, டாக்டரின் தராசில் பிழை இருப்பதாகச் சட்டப்படி சீல் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தாம் கொண்டுவந்திருந்த தராசில் டாக்டரின் கண்முன்னே ஏறி நின்ற இளையதம்பி, நூற்றுத் தொண்ணூற்றொன்பது ராத்தல் இருந்தார்.