இரண்டாவது தட்டு

ஹலினா அந்த இரண்டாவது தட்டைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்து அறை வாசலில் நின்ற கணவர் நுஸ்ரத்துக்கு வயிறு எரிந்தது. எண்பத்தைந்து வயதில் எரியக் கூடாது என்று சட்டமா என்ன?

"விருந்து பலமோ?" என்றார்.

"ஆள் வந்தா சந்தோஷம்தான்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷமா வராதவன் இனிமேலா வரப்போறான்?"

"கையைப் பிடிச்சா இழுக்க முடியும்? அவங்கவங்களுக்கா தோணணும்."

ஏக்கத்தைப் பார், எண்பது வயதில்! நுஸ்ரத் பல்லைக் கடித்தார். கடிக்க நாலைந்து பல் இன்னும் மிச்சமிருந்தது.

ஹலினா போலந்துக்காரி. யுத்தத்தில் ஊரும் உறவும் போய், பத்தொன்பது வயதில் பாரசீக நகரமான இஸ்ஃபஹானுக்கு அகதியாக வந்தவள். கடைத்தெருவில் இருந்த நுஸ்ரத்தின் துணிக்கடைக்கு வந்து, பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து விலை கேட்டாள். "உங்களைவிடவா இது பெரிசு? சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த ஊரில் எந்த வியாபாரியும் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வான். வாங்க வந்தவர் இல்லை இல்லை என்று மூன்று தடவையாவது மல்லுக்கட்டிய பிறகுதான் விலைக்கே வருவான். இவளோ நன்றி சொல்லிவிட்டுத் துணியோடு நடையைக் கட்டினாள். கடைத்தெருவே சிரித்தது. மறுநாள் துணியைக் கேட்கப் போன நுஸ்ரத், பெண்ணைக் கேட்டுவிட்டு வந்தார்.

கல்யாணமான சில நாளிலேயே அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு பட்டாளத்துக்காரனின் படம் அகப்பட்டது. "எங்கண்ணன். சண்டையில போயிட்டான்" என்றாள். அண்ணனாம்!

அந்த வருஷமே இந்தத் தட்டும் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்காருவது அவள் ஊர் வழக்கம். "நீங்களும் சாப்பிடுறீங்களா?" என்று ஒப்புக்கு ஒரு தடவை கேட்டாள். "பசியில்லை" என்றார் இவர், மரியாதைக்கு; இன்னும் இரண்டு தடவை கேட்பாள் என்று. "சரி" என்று தனியே உட்கார்ந்தவள், எதிரே இருந்த தட்டை மட்டும் எடுக்கவேயில்லை.

அன்றே அவருக்குப் புரிந்துபோயிற்று. அது அந்தப் பட்டாளத்தானுக்கு!

அதற்குப் பிறகு அறுபது வருஷம். இரண்டு பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நுஸ்ரத் பக்கத்து அறையில் ரொட்டியும் தயிரும் தின்றுகொண்டு கதவிடுக்கு வழியாக வேவு பார்ப்பார். எதிர்த் தட்டில் ஹலினா மீனை வைப்பாள், முள்ளெல்லாம் எடுத்து. பக்கத்தில் பாதி நாரத்தையும் நறுக்கி வைப்பாள். மீனென்றால் நாரத்தை பிழியாமல் இவருக்கு இறங்காது. அந்தப் படுபாவிக்கும் அதே ருசியா என்று பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் வைத்தியர், ஹலினாவின் இதயம் ரொம்ப பலவீனமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் தட்டு வைக்க அவள் இருப்பாளோ, மாட்டாளோ. அறுபது வருஷம் கூட வாழ்ந்தவள் யாருடைய மனைவியாகப் போய்ச் சேரப் போகிறாள் என்று தெரியாமல் விட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஜன்னலில் நட்சத்திரம் தெரிந்தது. ஹலினா எதிர்த் தட்டில் மீனும் நாரத்தையும் வைத்துவிட்டு, பீட்ரூட் சூப்பை எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்." கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த நுஸ்ரத், எதிரியின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாரத்தையை மீன்மேல் ஒட்டப் பிழிந்தார். வருகிறவன் வெறும் தட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வாய் போட்டுக்கொண்டார். மருந்துக்குக்கூட முள் இல்லை.

சூப்போடு திரும்பிய ஹலினா அப்படியே நின்றுவிட்டாள்.

நுஸ்ரத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எந்திரிக்க மாட்டேன். சண்டை போடணும்னா போடு."

அவள் சண்டை போடவில்லை. சூப்பை மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பாடா! இன்னிக்காவது உங்களுக்குப் பசிச்சுதே!"