பாரில் விழாத நங்கூரம்

கற்பிட்டிக்கு அப்பால் உச்சி வெயில் கடலடிவரை இறங்கி, பவளப் பாறைத் திட்டான முருகைக்கற்பாரின் மீது வலைபோல அசைகிறது. கடல் சரணாலயக் காவலர் பஹ்மிதா தன் படகில் காலை அகட்டி ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் பக்கத்துப் படகின் நங்கூரம். அந்தப் படகை ஓட்டும் முனாஸ் அதை வீசப்போன கணத்தில் எட்டிப் பிடித்துவிட்டாள். துரு ஈரமாய்ச் சீருடையில் ஊறுகிறது. கயிற்றின் மறுமுனையை அவன் விடவில்லை. அவனுக்குப் பின்னால் நீச்சல் கண்ணாடி மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள் விழிக்கிறார்கள். “மணல்ல இது புடிக்காது தங்கச்சி, பார்லதான் புடிக்கும்.” “ஓம் நானா, புடிக்கும். புடிச்சா பார் உடையும். மிதவைல கட்டுங்க.” “எந்த மிதவை? அதத்தான் ஆரோ அறுத்துட்டாங்களே!” அவன் சிரிக்கிறான். படகுகளைக் கட்டவென மிதவை கிடந்த இடத்தில் அறுந்த கயிறு மட்டும் ஆடுகிறது. அதையே பார்த்திருந்தவள், அவன் நங்கூரக் கயிற்றை இழுத்துத் தன் படகின் வளையத்தில் இறுக்கி முடிகிறாள். நங்கூரத்தைக் காலடியில் போட்டுவிட்டு எஞ்சினை முடுக்குகிறாள். நீரோட்டத்தை எதிர்த்து அது உறுமுகிறது. இரண்டு படகும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. “உங்கட ஆக்கள் பாரைப் பார்த்து முடியும்வரைக்கும் நான்தான் மிதவை. இப்ப வந்து அறுக்கச் சொல்லுங்க, பாப்பம்.”