அரக்கன் பேர்

ஆவடி குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளிச்சம் டி.வி.யில் விழாமல் ஜன்னலில் போர்வை தொங்குகிறது. பாயில் தோளோடு தோள் இடித்தபடி பால்ராஜும் அவர் மனைவி சொர்ணமும் வீடியோ கேம் ஆடுகிறார்கள். திரையில் ஓடும் குட்டி ஆள் சொர்ணம். பாலத்து முனையில் நெருப்புத் துப்பும் அரக்கனுக்குக் குரல் கொடுப்பவர் பால்ராஜ். அவனுக்குத் தன் பேரையே வைத்திருக்கிறார். “எம்பேரைச் சொன்னாத்தான் சாவேன். சொல்லு பாக்கலாம்!” கல்யாணமாகிப் பத்து வருஷமாக அவள் சொல்லாத பேர். “சும்மா இருங்க, கடைசி உசுரு. பொட்டி வாங்கி நாலு மாசத்துல இவ்ளோ தூரம் வந்ததே இல்ல.” “அரக்கனுக்கு இன்னா மரியாத?” ஆள் குதிக்கும்போது அவளும் ஜாய்ஸ்டிக்கோடு எம்புகிறாள், வளையல் குலுங்குகிறது, ஒயர் இழுபடுகிறது. கேம் பெட்டி விழாமல் அரக்கனே காலால் அழுத்திப் பிடிக்கிறார். நெருப்பு குட்டி ஆளின் தலையை உரசிப் போகிறது. “டேய் பால்ராஜு, செத்தடா!” பாலம் உடைகிறது, அரக்கன் விழுகிறான், டி.வி. பீப்பீ என்று பாடுகிறது. பால்ராஜ் நாக்கைத் தள்ளிக்கொண்டு பாயில் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்து வீட்டு வசந்தகுமாரி வாசலில் நிற்கிறாள். “இன்னாக்கா, அண்ணனயா பேர் சொல்லிக் கூப்ட்ட?” சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “அவர இல்லடி, அரக்கன.” செத்த அரக்கன் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறான். “இன்னொரு தபா கூப்புடு.”