மூன்றாம் முறை வந்த புகார்

"நீங்க தந்த யூபிஎஸ் சுத்த மோசம் அண்ணாச்சி. கரண்டு போனதும் கம்ப்யூட்டரும் அணைஞ்சிருது" என்றாள், சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ராஜேஸ்வரி.

மெக்கானிக் பேச்சிராஜுக்கு அலுத்துவிட்டது. இரண்டு முறை பேட்டரி மாற்றிக் கொடுத்தாயிற்று. அப்போதெல்லாம், "நானே மாட்டிக்கிடுதேன்" என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். இன்று கரண்டு போகும்வரை உட்கார்ந்து பார்த்துவிடுவதென்று வந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த விவசாயி சிவனாண்டியின் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தை அவள் முக்கால்வாசி முடித்திருந்தாள். இன்றுதான் கடைசி நாள். கரண்டு போனது, திரை இருண்டது.

"திரும்பவும் முதல்லருந்தா?" சிவனாண்டி தலையில் கைவைத்தார்.

"அந்தா, கோமதியம்மன் படத்து விளக்கப் பாருங்க! எத்தனை தடவ கரண்டு போனாலும் அது மட்டும் அணைஞ்சதே இல்ல. உங்க யூபிஎஸ்ஸ நம்புனதுக்கு அம்பாளையே நம்பியிருக்கலாம்" என்றாள் ராஜேஸ்வரி.

சிவனாண்டி சட்டென்று எழுந்து கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

பேச்சிராஜ் முட்டி வலிக்க மேசைக்கடியில் குனிந்தார். கம்ப்யூட்டரின் பிளக் சுவரில் இருந்தது. யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்த ஒரே வயர் சுவரேறி அம்பாள் படத்து விளக்குக்குப் போனது.

அதைப் பிடுங்கக் கை நீட்டியவர், கும்பிட்டு நின்ற இருவரையும் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.