திடலில் விழுந்த ஓடுகள்

கிரேக்க நாட்டில் மழை பொய்த்த வருஷம் அது. தாகம் தாங்காமல் ஓர் ஆடும் அதன் சிநேகிதி ஆமையும் இடிந்து கிடந்த பழைய சந்தைத் திடலுக்கு வந்து சேர்ந்தன. விழுந்த தூண்களுக்கு நடுவே ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. நரி, நாய், கழுதை எல்லாம் அதைச் சுற்றி நின்றன.

"இது எல்லோருக்கும் பத்தாது," என்றது நரி. "அந்தக் காலத்து மனிதர்கள் இங்கேதான் கூடி, பானை ஓட்டில் பேரைக் கீறிப் போட்டு, வேண்டாத ஆளை ஊரைவிட்டே அனுப்புவார்களாம். நாமும் வேண்டாதவர் முன்னால் ஆளுக்கோர் ஓடு போடுவோம்."

ஓடுகள் ஒவ்வொன்றாக ஆமையின் முன்னால் விழுந்தன.

"நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டது ஆமை.

அடுத்து ஆட்டின் முறை. மாற்றிப் போட்டால் எல்லோர் கண்ணும் தன் மேல் திரும்புமே என்று அது பயந்தது. தன் ஓட்டையும் ஆமையின் முன்னாலேயே போட்டது.

"சரி, நீயாவது வயிறாரக் குடிடி," என்று சொல்லிவிட்டு, கொதிக்கும் பாதையில் ஆமை இறங்கி நடந்தது.

ஆமை போன பக்கம் பார்க்காமல் ஆடு குடித்தது.

மறுநாள் குழியில் தண்ணீர் இன்னும் குறைந்திருந்தது. நரி மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டது.

"இன்றைக்கு யாரை?" என்று ஆடு கேட்டது.

ஒருவரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.