மாங்காய்க் கத்தி

மஸ்கட்டில் சமையல்காரராக இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய மரியதாஸ், தன் கத்திகளை அடுப்பு மேடையில் பரப்பினார். வளைந்த கத்தி வஞ்சிரம் மீனுக்கு வாங்கியது. பல் வைத்தது முதலாளி மகளின் பிறந்தநாள் கேக்குக்கு. விரல் நீளக் கத்தியை மட்டும் ஓரமாகத் தள்ளினார்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி ரெஜினா. வந்த நாள் முதல் இருவரும் சம்பந்திகளைப்போல அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாங்கா சீவ. அங்க மாங்காயப் பாத்தாலே உன் ஞாபகம். அதான் வாங்கிட்டேன்."

ரெஜினா கொல்லைக்குப் போய் ஒரு மாங்காயோடு வந்தாள். கத்திக்காகக் கை நீட்டினாள். அவரோ அதை எடுத்து அவள் பக்கமாக மேடையில் வைத்தார், அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று.

"கையிலயே குடுங்க."

"கையில குடுத்தா சண்டை வரும்பாங்க."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"வரட்டும். சண்டை போட்டு எத்தன வருசமாச்சு."